ஆத்தோரத்தில் யாருக்கு இடம்?

ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் அடையாறு என்ற ஒன்று உண்டு. மொத்தமே 42 கிலோமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரத்தில் ஐப்பசி பிறந்தாலே சாமான்களை மாடிக்கு ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் சேர்ந்த பிறகே அது உண்மையில் ஆறு. 2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018-ல் தணிக்கை அறிக்கையே சொல்லிவிட்டது.

அடுத்து மீனம்பாக்கம். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றுக்கு மேலேயே பாலம் போட்டுப் போகிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. மணப்பாக்கத்தில் கரையை ஒட்டி எழும்பிய பெரிய கட்டடங்களையும் அப்படித்தான்.

சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் தாண்டினால் இடது கரையில் நந்தனம். தி.நகரின் மழைநீரும் சாக்கடையும் மாம்பலம் கால்வாய் வழியாக இங்கேதான் ஆற்றில் விழுகின்றன. 2015-ல் ஆறே தளும்பி நின்றபோது கால்வாய்க்கு வடிய வழி ஏது? சி.ஐ.டி. நகர்த் தெருக்களில் தண்ணீர் ஏறியது.

வெள்ளம் வடிந்ததும் மாடி வீட்டுக்காரர்கள் வெள்ளையடித்துக் குடிபுகுந்தார்கள். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆத்தோரக் குடிசைகளுக்கு வேறு நியாயம். கணக்கெடுப்பு, கதவில் ஓர் எண், கையில் ஒதுக்கீட்டு ஆணை, வாசலில் லாரி. கிரைண்டர், பீரோ, தண்ணீர்க் குடங்கள், நடுவில் பிள்ளைகளின் புத்தகப் பை. இறக்கிவிட்ட இடம் பெரும்பாக்கம், எட்டு மாடிக் குடியிருப்பு. நடந்தே போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் இப்போது விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். அந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அடுத்தது. 2023 மிக்ஜாம் புயலில் அங்கும் தண்ணீர் சூழ்ந்தது. இதற்குப் பெயர் வெள்ளப் பாதுகாப்பாம்.

ஆறு பட்டினப்பாக்கத்தில் கடலைத் தொடுகிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் மேலே இருக்கும் எல்லோருக்கும்தான் ஆபத்து, குடிசைக்கு மட்டுமல்ல.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப காலத்தில் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. அந்த வழிக்கே திரும்பலாம். கரையிலிருந்து எழுப்பியே ஆக வேண்டும் என்றால், வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில் வீடு கொடுங்கள். நந்தனத்தில் அரசு நிலத்துக்குப் பஞ்சமில்லை.