காணிக்கைப் பெட்டியின் சாவி

செமஸ்டர் பரீட்சை முடிந்துவிட்டது. முடிந்ததும் முட்டம் கடற்கரைக்குப் போன கதையை எழுதுகிறேன் என்று வகுப்பு நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இந்த முறை சர்ச் கமிட்டி பற்றி. உடனே ஓடிவிடாதீர்கள். கோயில் கமிட்டி, ஜமாத், ஊர்க் கமிட்டி, கல்லூரி யூனியன் என்று எதில் தலையைக் கொடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போதகர் ஐயா தோளில் கை வைத்து, "இந்தத் தடவை கமிட்டியில ஒரு வாலிபப் பையன் இருக்கணும். உன் பேரைக் குடுக்கியா?" என்றார். எங்கள் சபையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கமிட்டித் தேர்தல். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவே இல்லை.

"ஒங்க பாட்டா பட்டது போராதா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

பாட்டா எங்கள் சபையில் 19 வருடம் பொருளாளராக இருந்தவர். அவர் என்ன பட்டார் என்று சொல்வதற்கு முன்னால், இந்தக் கமிட்டி என்கிற சமாசாரம் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் பலர் "உங்களுக்குப் பிஷப் இருக்காரே, அப்புறம் எதுக்குடா எலெக்‌ஷன்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

உலகத்தில் பிரெஸ்பிட்டேரியன் சபை என்று ஒரு பெரிய பிரிவு உண்டு. ஸ்காட்லாந்தில் 1560-ல் ஜான் நாக்ஸ் காலத்தில் வேர் பிடித்தது. நம் நாட்டில் மிசோரம், மேகாலயா பக்கம் போனால் அவர்கள்தான் அதிகம். பிரெஸ்பிட்டர் என்பது கிரேக்கச் சொல். தமிழ் வேதாகமத்தில் அதை மூப்பர் என்கிறோம். இந்தச் சபைகளில் ஒரே ஒருவர் அதிகாரம் செலுத்த முடியாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் போதகரோடு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். அந்த மூப்பர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை கடை வைத்திருப்பார்கள், வாத்தியாராக இருப்பார்கள், தோட்டம் பார்ப்பார்கள்.

குமரி மாவட்டத்துக்கு வந்தது நேரடியாக அந்தச் சபை இல்லை. 1795-ல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கம்தான் இங்கே வந்தது. அவர்களும் சபையார் கையில் பொறுப்பைக் கொடுக்கிறவர்கள்தான். 1908-ல் பிரெஸ்பிட்டேரியன் வழியில் வந்த சபைகளும் லண்டன் மிஷன் வழியில் வந்த சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபை என்று ஒன்றாயின. அந்த ஐக்கிய சபையோடு ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளும் 27 செப்டம்பர் 1947-ல் சேர்ந்ததுதான் இன்றைய சி.எஸ்.ஐ. ஆங்கிலிகன் வழியாகப் பிஷப் வந்தார். மற்ற வழியாகக் கமிட்டி வந்தது. போதகருக்கு இன்றும் சி.எஸ்.ஐ.யில் ‘பிரெஸ்பிட்டர்’ என்றுதான் பட்டம்.

சரி, பாட்டா கதைக்கு வருகிறேன்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்கு: அவரவர் வீட்டில் விளைந்த தேங்காய், வாழைக்குலை, மரச்சீனி, கோழி எல்லாவற்றையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்து ஏலம். பத்து ரூபாய் தேங்காய் இருநூறுக்குப் போகும். அன்று ஏலத்தில் சேர்ந்த பணம் 14,000 ரூபாய். ராத்திரி ஆகிவிட்டதால் பாட்டா பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். விடிகாலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கையில் பணம் இல்லை. பாட்டா பெட்டியைத் திறந்து 6,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். தேங்காய் வெட்டின பணம் அந்த வாரம் வரும், போட்டுவிடலாம் என்று கணக்கு.

பணம் வரும் முன்னால் கணக்குப் பார்க்க ஆள் வந்துவிட்டது. பெட்டியில் 6,000 குறைவு. பாட்டா நடந்ததைச் சொன்னார். மறுநாளே கடன் வாங்கிப் பணத்தைப் போட்டும்விட்டார். ஆனால் பேச்சு நிற்குமா? "19 வருசமா எவ்வளவு எடுத்தாரோ" என்று ஒருவர் சொன்னது எங்கள் வீட்டு முற்றம் வரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். பாட்டாவுக்காக அவர் ஒரு வார்த்தை சபையில் எழுந்து பேசவில்லை. அம்மாவுக்கு அதுதான் இன்றுவரை ஆறாத வருத்தம். அடுத்த கூட்டத்தில் பாட்டா எழுந்து, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இன்றும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்.

நல்லது செய்த மனுஷனுக்குச் சபை அநியாயம் செய்துவிட்டது. இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெயர் கொடுக்க ஆசைப்பட்டதற்கும் உண்மையில் அதுதான் காரணம். உள்ளே போய் நாலு பேரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும். (வாலிபப் பையனின் ஊழிய வாஞ்சை எப்படி இருக்கிறது பாருங்கள்!)

இந்தக் குழப்பத்தோடு ஒரு சனிக்கிழமை நண்பனின் பைக்கில் மயிலாடிக்குப் போனேன். நாகர்கோவிலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு மயிலாடி என்றால் சிற்பக்கூடங்கள். தெருவோரம் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களுக்கு மயிலாடி என்றால் தாய்ச் சபை. அங்கே இருக்கிற ஆலயத்தின் பெயரைக் கவனித்தீர்களா? ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம். ஒருவர் பிரஷ்ய தேசத்திலிருந்து வந்த மிஷனரி. இன்னொருவர் மயிலாடிக்காரர், பட்டம் பதவி எதுவும் இல்லாதவர். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில்.

வேதமாணிக்கத்தின் பழைய பெயர் மகாராசன். தீண்டத்தகாதவர் என்று அன்றைய திருவிதாங்கூர் ஒதுக்கி வைத்திருந்த சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். மன நிம்மதி தேடிச் சிதம்பரம் போனவர், தஞ்சாவூரில் கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு 1799-ல் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று விடாமல் கேட்டார். 1806-ல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் கட்டினார்கள். அதே 1809-ல் அங்கே தொடங்கிய பள்ளிக்கூடத்தைத்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் ஆரம்பமாகச் சொல்கிறது. அங்கே படிக்கும் நண்பர்கள் கவனிக்க!

ரிங்கல்தௌபே கொஞ்சம் வித்தியாசமான மனுஷர். கையில் வருகிற பணத்தை எல்லாம் கொடுத்துவிட்டு ஏழையாகவே இருந்தார். தலைவரியிலிருந்து தப்பிக்கலாம் என்று கூட்டமாக வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கினார். உடம்பு கெட்டுப்போய் 1816 ஜனவரியில் ஊரைவிட்டுக் கிளம்பினார். கப்பல் ஏறிப் போனவர் கிழக்கே எங்கேயோ மறைந்தார். கல்லறைகூடக் கிடையாது.

போகும்போது யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்? வேதமாணிக்கத்திடம். தன் அங்கியையே அவருக்கு அணிவித்துப் பொறுப்பை ஒப்படைத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மயிலாடியோடு ஈத்தாமொழி, புத்தளம், தாமரைகுளம் என்று ஏழு சபைகள். அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேர்ந்தது 1817 கடைசியிலும் 1818 தொடக்கத்திலுமாக. நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம். மேலே கேட்க ஆள் இல்லை. புதிய மிஷனரி வருவாரா என்பதே நிச்சயமில்லை. அந்த நாட்களில் அந்தச் சபைகளைக் கலையாமல் பார்த்துக்கொண்டவர் இந்த மயிலாடிக்காரர்தான்.

இதுவரை நான் சண்டே ஸ்கூலிலேயே படித்தது. அன்று ஆலயத்துக்கு வெளியே வேப்ப மர நிழலில் நிற்கும்போதுதான் அடுத்த பாதி உறைத்தது. மீட் ஐயர் வந்ததும் என்ன நடந்தது? வேதமாணிக்கம் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார். மிஷன் தலைமையிடம் நாகர்கோவிலுக்குப் போனது. வேதமாணிக்கம் இரண்டாமவராகத் தொடர்ந்து உழைத்தார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருடம் தனியாகத் தாங்கினவரை ஏன் தலைமையிலேயே விடவில்லை? வெள்ளைக்காரர் வந்தால் நம் ஆள் ஏன் நகர வேண்டும்? அந்தக் கேள்வி இப்போதும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஆளில்லாத நேரத்தில் காப்பாற்றுவதும், ஆள் வந்ததும் திரும்பக் கொடுப்பதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். இது என்னுடையது இல்லை என்று தெரிந்தவனால்தான் இரண்டையும் செய்ய முடியும். என்னுடையது என்று நினைக்கிறவன் கூடுதலாகக்கூட உழைக்கலாம். ஆனால் சாவியைக் கொடுக்க மாட்டான். நம் ஊரில் எத்தனை கமிட்டி, எத்தனை சங்கம் கோர்ட் வாசலில் நிற்பது இந்த ஒரு இடத்தில் இடறித்தானே?

பேதுரு எழுதிய முதல் நிருபத்தின் 5-ம் அதிகாரம் மூப்பர்களுக்கு மூன்று எச்சரிக்கை தருகிறது. கட்டாயத்துக்காகச் செய்யாதே, ஆதாயத்துக்காகச் செய்யாதே, மந்தைக்கு எஜமான் ஆகாதே. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுதான் நல்லவர்களையே கவிழ்ப்பது.

அன்று சாயங்காலம் பாட்டாவிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக நேரடியாகக் கேட்டேன். "பாட்டா, உங்களுக்கு அவங்க செய்தது அநியாயம்தானே?"

கொஞ்ச நேரம் இடித்துக்கொண்டே இருந்தார்.

"அநியாயம் ஒண்ணும் இல்ல மக்ளே. அவங்க கேட்டது சரிதான்."

"ஒரு உயிரைக் காப்பாத்தத்தானே எடுத்தீங்க?"

"எடுத்ததுக்கு நான் வருத்தப்படல்ல. இன்னைக்கும் எடுப்பேன். ஆனா விடிஞ்ச ஒடனே ஐயருகிட்டப் போயி, இந்த மாதிரி எடுத்தேன்னு சொல்லியிருக்கணும். நான் சொல்லல்ல. எதுக்குத் தெரியுமா? பத்தொம்பது வருசம் பெட்டி எனக்க கையில இருந்தா, அது எனக்க பெட்டின்னு தோணிப் போச்சு. அது எனக்க பைசா இல்ல மக்ளே. பிடியரிசி போட்ட கெழவியளுக்க பைசா."

பிடியரிசி என்றால், சோறு பொங்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, சேர்த்து ஆலயத்துக்குக் கொடுப்பது. எங்கள் ஊர்ப் பாட்டிமார் இப்போதும் செய்கிறார்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் சாவியை வைத்தது கோபத்தில் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கோபத்தில் இல்லையாம்.

நான் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டேன். குடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரிசையாகச் சில விஷயம் சொன்னார். காணிக்கையை ஒற்றையாக எண்ணாதே, எப்போதும் இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியை ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவராதே. சாவி ஒருவரிடம், பெட்டி இன்னொருவரிடம். வரவைத் தேதியோடு அன்றைக்கே எழுது, நாளைக்கு என்று வைக்காதே. கேள்வி கேட்கிறவனைப் பகைக்காதே, அவன்தான் உன்னைக் காப்பாற்றுகிறவன். மூன்று வருடம் முடிந்ததும் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கு.

கடைசியில் மட்டும் சிரித்தார். "நாலு பேர நாக்கப் பிடுங்குத மாதிரி கேக்கப் போறதுன்னா போவாதே."

நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

போன ஞாயிறு பெயர் கொடுத்துவிட்டேன். ஜெயிப்பேனா தெரியாது, எதிரே நிற்பவர் பெரிய குடும்பம். அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று ராத்திரி என் மேசைமேல் ஒரு புது நோட்டு இருந்தது. வரவு, செலவு என்று இரண்டு பத்தியாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. அம்மாவின் கோடு எனக்குத் தெரியும்.

உங்கள் ஊர்க் கமிட்டிகளில் சாவியைத் தானாகவே மேசைமேல் வைத்தவர் யாராவது உண்டா? இருந்தால் எழுதுங்கள். முட்டம் கதை அடுத்த வாரம், சத்தியமாக.