நீலக்கனி

நோய் வந்த பின்னரே நாவின் பிழை விளங்குகின்றது. இக்கல்லூரியில் பல்லாண்டு தமிழ் பயிற்றி, திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு விரித்துரைத்தவர் யாம். எனினும் அளவறிந்து உண்ணுதலை எமக்குக் கற்பிக்க ஓர் அயல்நாட்டுக் கனியே வேண்டியதாயிற்று. அதனை நாணத்தோடு ஈண்டு எழுதுகின்றோம்.

2023ஆம் ஆண்டு ஆனித் திங்களில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் எம் மகளின் இல்லம் சென்றோம். நீரிழிவு எம்மைப் பற்றி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அது புளூபெர்ரி என்னும் நீலக்கனி பழுக்கும் பருவம். தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, எட்டு வயதுப் பேர்த்தி எம் கையில் ஒரு வாளியைத் தந்தாள். மார்பளவுச் செடிகள், கொத்துக் கொத்தாய்ச் சுண்டைக்காய் போன்ற கனிகள், அவற்றின்மேல் மெல்லிய வெண்படலம். அப்படலம் அழுக்கன்று, கனியின் ஈரம் காக்கும் மெழுகாம். ஆதலின் உண்ணும்போதுதான் கழுவ வேண்டும் என்றாள் மகள்.

இக்கனி அந்நாட்டு மண்ணுக்கே உரியது. ஆங்குள்ள தொல்குடியினர் காட்டில் பறித்து, உலர்த்திக் குளிர்காலத்திற்கெனச் சேமித்தனர். எனினும் நெடுங்காலம் அது தோட்டப் பயிராகவில்லை. புளிப்புத் தன்மையுள்ள மண்ணிலன்றி அது செழிக்காது என்பதைப் பிரெடெரிக் கோவில் என்னும் தாவர நூலறிஞர் ஆராய்ந்து 1910இல் வெளியிட்டார். அந்நூலைக் கற்ற எலிசபெத் ஒயிட் என்னும் அம்மையார் 1911இல் அவரோடு சேர்ந்து உழைக்கத் தொடங்கினார். நியூ ஜெர்சியின் பைன் காடுகளில் பெருங்கனி தரும் செடிகளைக் கண்டு காட்டியவர்க்குப் பொருள் அளித்து, அச்செடிகளுக்கு அவர்தம் பெயரையே இட்டார். அவர்தம் விளைச்சல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1916இல்.

நிற்க. தனியே உண்டபோது அதன் சுவை எம் மனத்தைக் கவரவில்லை. ஆயின் எம் மகள் அதனைத் தயிர்ச்சோற்றில் மாதுளைமுத்துக்கு மாறாக இட்டாள். தாளித்த கடுகுக்கும் இஞ்சிக்கும் இடையே அது பல்லில் பட்டு உடைந்து, சிறிது புளித்துப் பின் இனித்தது. மறுநாள் யாமே கேட்டு வாங்கி உண்டோம். காலையில் ஓட்ஸ் கஞ்சியிலும் ஒரு பிடி சேர்ந்தது.

அதன் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளையும், அதன் நார்ச்சத்தையும் பலர் புகழக் கேட்டோம். நீரிழிவை அது நீக்கும் என்று எவரும் எமக்குக் கூறவில்லை. யாமே அவ்வாறு முடிவு செய்துகொண்டோம். ஊரிலிருந்து எம் பெட்டியில் அல்வாப் பொட்டலம் ஒன்று வந்திருந்தது. பகலில் கனி உண்கின்றோமே என்னும் துணிவில், இரவில் அதனைப் பிரித்தோம். ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்துவந்த பேர்த்தி எம்மைக் கண்டாள். ஒன்றும் கூறாது சென்றாள்.

ஒரு வாரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. எம் மகள் முகம் வாடினாள். “நான் கொடுத்த பழத்தால்தான் இப்படியோ, அப்பா? நாளை முதல் நிறுத்திவிடுகிறேன்” என்றாள். 100 கிராம் கனியில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை உண்டு என்பதை அறிந்தவள் அவள். ஆதலின் தன்னையே நொந்துகொண்டாள். பேர்த்தி எம்மை நோக்கினாள். குற்றமற்ற கனியின்மேலும் மகளின்மேலும் பழி விழப் பார்த்திருத்தல் எமக்கு இயலவில்லை. பொட்டலத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தோம்.

அவள் சினக்கவில்லை. “பழத்தைச் சேர்த்தோம்; எதையும் குறைக்கவில்லையே, அப்பா” என்றாள். முப்பதாண்டு யாம் உரைத்த உரையெல்லாம் அவ்வொரு சொல்லில் அடங்கிற்று.

அன்று முதல் அவ்வீட்டில் இரவு உணவின்பின் எவர்க்கும் இனிப்பில்லை. பேர்த்தி ஒவ்வொருவர் கிண்ணத்திலும் முப்பது கனிகளை எண்ணி இடுவாள். சர்க்கரை சேராத தயிரோடு அனைவரும் உண்போம். நோயாளிக்கெனத் தனியுணவு இல்லாமையால் மறைத்து உண்ணும் ஆசையும் மெல்ல அகன்றது. வைத்தியர் தந்த மாத்திரைகளையும் நாள் தவறாது உட்கொண்டோம். சர்க்கரை சிறிது சிறிதாக இறங்கிற்று. அப்பெருமையைக் கனிக்கு மட்டும் அளித்தல் முறையன்று.

இப்பொழுது ஊரில் இருக்கின்றோம். இங்கே நீலக்கனியின் விலை எம் ஓய்வூதியத்திற்கு ஏற்றதன்று. ஆயின் நாவற்பழம் உண்டு. அதன் கருநீலமும் ஆந்தோசயனின் தந்ததே. அதனையும் மருந்தெனக் கொள்ளோம். பருவத்தில் சிறிது உப்பிட்டு, இனிப்புக்கு மாறாக அளவோடு உண்போம்.

அந்நாட்களில் பேர்த்தி தொலைபேசித் திரையில் தோன்றி, நலம் வினவுமுன், “நாக்கைக் காட்டுங்கள், தாத்தா!” என்கின்றாள். யாமும் மாணவனைப் போல் நீட்டிக் காட்டுகின்றோம்.