"திட்டத்தைத் தேடாதே... நீ யாருன்னு முதல்ல சொல்லு!"

கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், கிளம்பும்போது ஆளுக்கொரு தடவை அதையேதான் சொன்னார்கள். "கவர்மென்ட்ல ஏதாவது உதவி இருக்கும்மா... விசாரிச்சுப் பாரு."

எங்கே போய், யாரிடம் விசாரிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவருக்கு வயது 39. டெல்டா பகுதியில் ஒரு சின்ன கிராமம். கணவர் கொத்தனார். 2023 ஐப்பசியில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். மிச்சமிருந்தது ஓர் ஓட்டு வீடு, குழுக் கடன் பாக்கி, ப்ளஸ் டூ படிக்கும் ஒரே மகள்.

மகள் செல்போனில் தேடிப் பார்த்தாள். நூறு திட்டங்களின் பெயர்கள் வந்து விழுந்தன. மத்திய அரசுடையது எது, மாநில அரசுடையது எது, நமக்குப் பொருந்துவது எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. 'இந்த லிங்க்கை அழுத்தினால் ரூ.50,000' என்ற வாட்ஸ்அப் செய்தி வேறு. நல்லவேளை, அதை அழுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர், "மூவாயிரம் கொடுங்க, பென்ஷன் வாங்கித் தர்றேன்" என்றார். கையில் முந்நூறுகூட இல்லை.

மார்ச் மாதம் பரீட்சை முடிந்த அன்று மகள் சொன்னாள், "காலேஜெல்லாம் வேணாம்மா. ஜவுளிக்கடையில ஆள் கேக்குறாங்க. நான் போறேன்."

அம்மாவால் "போ" என்றும் சொல்ல முடியவில்லை, "போகாதே" என்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டே இதைச் சொல்லி அழுதபோது, பக்கத்தில் நின்ற அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர்.

"நீ என்ன திட்டம் இருக்குன்னு தேடுற. அப்படித் தேடினா கிடைக்காதுடி. நீ யாருன்னு முதல்ல சொல்லு" என்றவர், விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "புருஷனை இழந்தவ... அதுக்குத் தாலுகா ஆபீஸ். கொத்தனார் பொண்டாட்டி... அதுக்கு நல வாரியம். உன் மக கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ள... அதுக்கு காலேஜ். மூணு இடம். அவ்வளவுதான்."

மாதக்கணக்கில் மலையாகத் தெரிந்தது, மூன்று விரல்களுக்குள் அடங்கியது.

முதலில் தாலுகா அலுவலகம். ஆதரவற்ற விதவைகளுக்கான மாத ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட்டிலிருந்து ரூ.1,200. இதற்கென்றே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் இருக்கிறார். இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் எடுத்துப் போனால், அங்கே ஒரு சிக்கல். கணவரின் பெயர் ஆதாரில் 'ல' என்று ஆரம்பிக்கிறது, இறப்புச் சான்றில் 'லெ' என்று இருக்கிறது. அந்த ஒற்றைக் கொம்பைச் சரிசெய்ய ஏழு வாரம் அலைந்தார். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டணம். வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. விசாரணை என்று மனு நகர்ந்து, ஓரிடத்தில் நின்றேபோனது. அக்காவின் யோசனைப்படி, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வாங்கிவைத்தார். அதன்பிறகுதான் ஆணை வந்தது.

இரண்டாவது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பதிவு செய்த தொழிலாளி இயற்கையாக இறந்தாலும் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் உண்டு. கணவரின் டிரங்குப் பெட்டியை அலசியதில், பழைய துண்டுக்கு அடியில் வாரிய அட்டை கிடைத்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆனால், அந்தப் பதிவை 5 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவருடைய அட்டையில் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த உதவி கிடைக்கவில்லை.

"பணம் இல்லேன்னு புதுப்பிக்காம விட்டிருந்தா மனசு ஆறியிருக்கும். அதுக்குக் காசே கிடையாதாம். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரே போய் செஞ்சிருப்பாரு" என்று இன்றும் சொல்கிறார். சொல்லும்போது குரல் உடைகிறது.

மூன்றாவது, மகளின் படிப்பு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும், அதை முடிக்கும்வரை மாதம் ரூ.1,000 தருகிறது 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கப்பட்ட 'புதுமைப் பெண்' திட்டம். எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர இருந்த மகள், அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள்.

தோழிகளுக்கெல்லாம் பணம் வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. வங்கியில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஆதாரை நம்பி அனுப்பப்படும் பணம், ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். ஆறாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கி, எல்லாரும் மறந்தேபோன கணக்கில் அவள் பணம் சேர்ந்துகொண்டிருந்தது!

மாதம் ரூ.1,200-ம் ரூ.1,000-மும் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திவிடாது. அம்மா இப்போதும் மண் சுமக்கிறார். ஆனால், கல்லூரிக்குப் போன பெண் கடைக்குத் திரும்பவில்லை. இப்போது அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. சான்றிதழ்கள், மனு ரசீதுகள், இரண்டு பாஸ்புக்குகள் எல்லாமே அதில்தான். ஊரில் யாருக்காவது கணவர் தவறிவிட்டால், காரியத்துக்குப் போகும் அவர் 'விசாரிச்சுப் பாரு' என்று சொல்வதில்லை. மறுவாரம் அந்த வீட்டுக்குப் போய், மூன்று விரல்களை நீட்டுகிறார்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. கணவரோடு வேலை பார்த்த கொத்தனார்கள், சித்தாள்கள் அங்கேதான் கூடுவார்கள். தினமும் அங்கே ஒரு நிமிடம் நின்று, யாராவது ஒருவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்.

"தம்பி, வாரிய அட்டையில தேதி என்ன போட்டிருக்குன்னு பார்த்தியா?"