கேட்டறியும் அன்பு

நோயாளியின்மீது இரக்கம் கொள்ளாதார் நம்மில் மிகச் சிலரே. படுத்திருப்பவரைக் காணச் செல்கையில் பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்கிறோம்; செபமாலை சொல்கிறோம்; அவருடைய சுகத்துக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்கிறோம். இவை யாவும் நல்லவையே. ஆயினும், அறிவின் துணையில்லாத இரக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பதை நம் பங்கில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நமக்குத் தெளிவாக்கிற்று.

நம் பங்கைச் சேர்ந்த பெண்ணொருத்தி, பல ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியபின், இப்பொழுது அமெரிக்க நாட்டில் மேற்படிப்புப் பயில்கிறாள். அப்படிப்பை முடித்தவர்களை அங்கே ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று அழைக்கிறார்கள். 1965-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி அது. மருத்துவர் எளிதில் கிடைக்காத இடங்களில் குழந்தைகளின் நலம் பேணுவதற்கென்று பிறந்த அத்திட்டம், பின்னர் எல்லா வயதினருக்கும் விரிந்தது. 2025-இல், தமது 104-ஆம் வயதில், லொரெட்டா அம்மையார் காலமானார்.

அப்படிப்பின் தூண்கள் மூன்று. நோயாளியை முறையாகக் கேட்டும் பார்த்தும் தொட்டும் ஆராய்வது ஒன்று. உடலுக்குள் நோய் எவ்வாறு இயங்குகிறது என்று அறிவது இரண்டு. மருந்து உடலில் என்ன செய்கிறது என்று அறிவது மூன்று. “வகுப்பில் இவை மூன்று தனிப் பாடங்கள், சாமி. கட்டிலருகே போனால் மூன்றும் ஒரே பாடமாக வேண்டும். அதுதான் கடினம்” என்றாள் அவள், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது. அவள் சொன்னதன் பொருளைச் சில நாட்களிலேயே நேரில் கண்டோம்.

நம் பங்கில் வயது முதிர்ந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். இரு கால்களும் வீங்கி, எழுந்தால் தலை சுற்றி, இருமுறை கீழே விழுந்துவிட்டார். “இதயம் பழுதாகிவிட்டது, இனி நாள் கணக்குத்தான்” என்று வீட்டார் தீர்மானித்து, நோயில்பூசுதல் கொடுக்க நம்மை அழைத்தார்கள். அந்தப் பெண்ணும் பாட்டியைக் காண உடன் வந்தாள். அருளடையாளத்தை அளித்தோம். அது சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமே உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவுபடுத்தியும், நம் குடும்பங்கள் அதனை இன்னும் பயணச்சீட்டாகவே எண்ணுகின்றன. மகன்மார் அழுதுகொண்டு நின்றார்கள்.

அப்பொழுது அவள் பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கத் தொடங்கினாள். “படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, பாட்டி? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?” ஒன்றே ஒன்று, திணறல் இல்லை. காலையில் முகமும் கண்ணிமையும் வீங்குகின்றனவா? இல்லை. சிறுநீர் நுரைக்கிறதா? இல்லை. கழுத்து நரம்பைப் பார்த்தாள். நுரையீரலின் ஒலியைக் கேட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் மஞ்சள் உண்டா என்று நோக்கினாள். இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்தாள். நின்றபோது அது வெகுவாக இறங்கிற்று. கால் வீக்கம் இதயத்தாலும், சிறுநீரகத்தாலும், கல்லீரலாலும் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். ஒவ்வொன்றையும் எதிரே நிறுத்தி, சாட்சி விசாரிப்பதுபோல் விசாரித்தாள்.

இறுதியில், “வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், அண்ணே” என்றாள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கியபோது கதை வெளியாயிற்று. இரத்த அழுத்தத்துக்காகப் பாட்டி உட்கொண்ட அம்லோடிபின், 5 மில்லிகிராமிலிருந்து 10-ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின்னரே கால் வீங்கியது. வீக்கத்துக்கென்று வேறோர் இடத்தில் சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைடு கொடுக்கப்பட்டது. “ராத்திரியெல்லாம் எழுந்து போகவேண்டியிருக்குது, தாயி, அதனால தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன்” என்றார் பாட்டி. பின்னர் கெண்டைக்காலில் பிடிப்பு, பின்னர் தலைசுற்றல், பின்னர் வீழ்ச்சி.

அவள் விளக்கினாள். அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது. சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரும் வழி அகன்று, போகும் வழி அப்படியே இருப்பதால், நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் திசுக்களுக்குள் கசிகிறது. உடலில் நீர் மிகுந்து வந்த வீக்கமன்று அது. ஆகவே சிறுநீரைப் பெருக்குவதால் அது பெரிதும் வற்றுவதில்லை. மாறாக, உடலுக்கு வேண்டிய நீரும் உப்பும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயென்று எண்ணி இன்னொரு மருந்து கொடுத்தால், அதன் விளைவுக்கு மூன்றாவது மருந்து தேடவேண்டி வரும்.

இவ்வளவு கண்டும், அவள் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை. இங்கே அந்த அதிகாரம் தனக்கு இல்லை என்பதையும், தன் எண்ணம் தவறாக இருக்கக்கூடும் என்பதையும் அவள் அறிந்திருந்தாள். தேதிகளையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி மகனிடம் கொடுத்தாள். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார், பொட்டாசியம் குறைந்திருந்தது. இதயத்தையும் சோதித்தார், அதன் இயக்கத்தில் குறை காணவில்லை. மருந்துகள் மாற்றப்பட்டன. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. மூப்பு நீங்கவில்லை, முழங்கால் வலியும் நீங்கவில்லை. ஆனால் பாட்டி இன்று பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார்.

இதனை நாம் பலநாள் சிந்தித்தோம். 1215-ஆம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கொரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தபோது, குருவானவருக்கும் ஒரு விதி வகுத்தது. தேர்ந்த மருத்துவரைப்போல் அவர் பாவத்தின் சூழ்நிலையையும் பாவியின் சூழ்நிலையையும் கவனமாகக் கேட்டறிந்து, அதற்கேற்ற மருந்தைத் தேடவேண்டும் என்பதே அது. குருமடத்தில் இதைப் பாடமாகப் படித்தோம். அதன் ஆழத்தைச் செவிலி ஒருத்தி கட்டிலருகே காட்டினாள்.

நம் இல்லங்களைப் பாருங்கள். மகன் பேசாமல் இருக்கிறான். திமிர் என்று தகப்பன் முடிவுகட்டிக் கண்டிக்கிறார். கண்டிப்புக்கு அஞ்சி அவன் பொய் சொல்கிறான், பொய்க்குத் தண்டனை, தண்டனைக்குப் பயந்து வீட்டுக்கு வரத் தாமதிக்கிறான். முதலில் அவன் ஏன் பேசவில்லை என்று எவரும் கேட்கவில்லை. மருந்தே நோயாகி வளர்கிற கதை இங்கும் நடக்கிறது. முதலில் தோன்றிய எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, மாறான சான்றுகளைக் காண மறுப்பது மருத்துவத்தில் உயிருக்கு ஆபத்து. குடும்பத்தில் உறவுக்கு ஆபத்து.

பிரியமானவர்களே, செபத்தையும் அருளடையாளங்களையும் ஒருபோதும் கைவிடாதீர்கள். அவற்றோடு, கடவுள் தந்த அறிவையும் பயன்படுத்துங்கள். முதியோர் உள்ள வீட்டில், அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளையும் மாத்திரைகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். புதிய உபாதை தோன்றினால், அண்மையில் மருந்து மாறியதா என்று கேளுங்கள். ஆனால் எதையும் தாமாக நிறுத்தாதீர்கள். நோயில்பூசுதலுக்குக் குருவானவரை அழைப்பதற்கும் கடைசி மூச்சுவரை காத்திராதீர்கள்.

நல்ல சமாரியர் காயம்பட்டவனைக் கண்டு மனமிரங்கியதோடு நிற்கவில்லை. அருகில் சென்றார், எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார், காயங்களைக் கட்டினார். எந்தக் காயத்துக்கு எது தகும் என்று அவர் அறிந்திருந்தார். அந்த அறிவும் அன்பின் ஒரு பகுதியே.