எலுமிச்சை இலை போட்ட கிளாஸ்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே மாப்சா சந்தையில் வெயில் உறைக்கிறது. மாலை மாலையாகத் தொங்குகின்றன சொரீஸ் எனப்படும் பன்றி இறைச்சி சாசேஜ்கள். வினிகரும் மிளகாயும் கலந்த அந்த நெடியைத் தாண்டினால் கருவாட்டு வரிசை. அதையும் தாண்டினால் உப்பு நீரில் ஊறிய மாங்காய். எனக்கு முன்னால் நடக்கும் அம்மையாரின் கையில் நாலாக மடித்த ஒரு தாள். அதில் இரண்டு பத்தி. இடது பக்கம் சாப்பிட. வலது பக்கம் குடிக்க.

மறுநாள் மாலை அவர் வீட்டில் எட்டுப் பெண்கள் கூடுகிறார்கள். ஆண்களுக்கு அழைப்பில்லை. ஓட்டல்களில் 'லேடீஸ் நைட்' என்று விளம்பரம் செய்து பெண்களுக்கு இலவசமாக ஊற்றுகிறார்களே, அங்கே போகலாமே என்றால் முகம் சுளிக்கிறார். "பெண்களுக்கு இலவசம் என்று போர்டு வைத்தால், அன்றைக்குக் காசு கொடுத்து உள்ளே வருகிறவன் எதை வாங்க வருகிறான் என்று யோசித்துப் பார்." யோசிக்க வேண்டிய கேள்விதான்.

ஒரு மொழிபெயர்ப்பு வேலையை முடிப்பதற்காக வடக்கு கோவாவின் பார்தேஸ் தாலுகாவில் இவரது வீட்டின் பின்னறையில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். வருடம் ஒருமுறை, ஏப்ரலில், தோழிகளைக் கூட்டிவைத்து ஒரு மாலை. இந்த வருடம் எட்டாவது ஆள் நான். சரி என்று தலையாட்டிய பிறகுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் மது என்றால் சித்தப்பா. சம்பள நாளில் தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும் விதத்தை வைத்தே, குழந்தைகளை எந்த அறையில் படுக்கவைப்பது என்று சித்தி முடிவு செய்வாள். நான் வளர்ந்த உலகில் பெண்கள் மதுவைப் பற்றிப் பேசினால் அதை ஒழிப்பதற்காகத்தான். 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டே ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகு, கடையை மூடச் சொல்லி நடந்த மறியல்களிலும் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள்தான்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதியமான் தனக்குக் கள் கொடுத்து உபசரித்ததை ஔவையார் கூச்சமில்லாமல் நினைவுகூரும் புறநானூற்றுப் பாடல். பேராசிரியர் அதை வேகமாகக் கடந்துபோவார். பிற்காலத்தில் அதே பெயரில் வந்த, கோல் ஊன்றிய பாட்டிதான் நமக்கு வசதி.

பட்டியில் ஒரு முற்பகல்

சந்தையில் வாங்க முடியாதது ஒன்று அந்தத் தாளில் இருந்தது: உர்ராக். அதற்காகக் குன்றுப் பக்கம் போனோம். பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரி, இன்று கோவாவின் குன்றுகளை ஆக்கிரமித்திருக்கிறது. எங்கள் ஊரில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவோம். அழுகும் பழத்தின் வாசனைதான் எனக்கு ஏப்ரல், மே. கோவாவில் அந்தப் பழத்தின் ஒரு சொட்டையும் விடுவதில்லை.

தானாகப் பழுத்து விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். கொட்டையை நீக்கிவிட்டுப் பழத்தை நசுக்குகிறார்கள். முன்பு கல் தொட்டியில் காலால் மிதித்தார்கள். இப்போது பல இடங்களில் இயந்திரம். நசுங்கிய சக்கையிலிருந்து இரவெல்லாம் சொட்டும் தெளிந்த சாறு 'நீரோ'. அதில் போதை இல்லை. குழந்தைகளும் குடிக்கலாம். மற்ற சாறு சுமார் மூன்று நாள் தானாகவே நொதிக்கிறது. ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. அதை ஒருமுறை வடித்தால் உர்ராக். சாராயச் சத்து சுமார் 15 சதவீதம். மறுபடி வடித்தால் ஃபெனி. அதில் 42 சதவீதத்தை ஒட்டி. முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஃபெனி பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். உர்ராக் நிற்காது. மழை தொடங்கும்போது அதன் காலம் முடிந்துவிடும். இவர் விருந்தை ஏப்ரலில் வைப்பதன் ரகசியம் இதுதான்.

காய்ச்சும் இடத்துக்குப் பெயர் 'பட்டி'. செம்புப் பானை, அடியில் விறகு, புகை. எனக்குள் இருக்கும் பத்திரிகைக்காரி தலை தூக்கினாள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் அதிகமானோர் இறந்ததை மறந்துவிட்டு இங்கே நிற்க முடியுமா? இவரிடம் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அதனால்தான் சந்தையில் யாரோ தரும் பாட்டிலை வாங்காமல் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார். உரிமம் உள்ள பட்டி. இருபது வருடப் பழக்கம். மரம் எது, பானை எது, காய்ச்சுகிறவர் யார் என்று தெரியும். தெரியாத இடத்திலிருந்து வந்த எதையும் விருந்தாளிக்கு ஊற்றக்கூடாது. அவரது பட்டியலின் முதல் விதி அது.

தாளில் இருந்த கணக்கு

வீடு திரும்பியதும் அந்தத் தாளை முழுதாகப் படித்தேன். பள்ளிக்கூடக் கணக்குப் போலவே இருந்தது.

பானம் ஒன்றே ஒன்று. நாலு வகை பாட்டிலை அடுக்கிவைத்தால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உர்ராக் 90 மில்லி, அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் ஒன்று, ஐஸ், மேலே லிம்கா. 90 மில்லி உர்ராக்கில் உள்ள சத்தும் வழக்கமான 30 மில்லி விஸ்கியில் உள்ள சத்தும் ஏறக்குறைய ஒன்றுதான். சுமார் 10 கிராம். குடிப்பவர்கள் ஆறு பேர், தலைக்கு இரண்டு, மொத்தம் 1,080 மில்லி. அதாவது ஒன்றரை பாட்டில். வாங்கியது இரண்டு. "அரை பாட்டில் என் மரியாதைக்கு. பற்றாக்குறை வந்தது என்று பேச்சு வரக்கூடாது."

இரண்டுக்கு மேல் ஏன் இல்லை? பெண் உடலில் நீரின் அளவு குறைவு. அதனால் அதே எடையுள்ள ஆணைவிட ரத்தத்தில் போதை அதிகம் ஏறும். ஒரு கிளாஸைக் கழிக்க ஈரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் மருத்துவர்களுக்கு இன்று சந்தேகமில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. அவருக்கும் அது தெரியும். "வருடத்தில் ஒரு நாள் வாசலுக்கு வெளியே காலை வைக்கிறோம். எவ்வளவு தூரம் என்று அளந்து வைக்கிறேன்."

இடது பக்கப் பத்தி நீளமாக இருந்தது. வந்தவுடன் குடிக்கக் கொடுக்கக்கூடாது. முதலில் கோகம் சர்பத், கூடவே சூடாக ஏதாவது. வெறும் வயிற்றில் போனால் போதை விரைவாக ஏறும் என்பது பாட்டி காலத்துப் பாடம். இறால் வைத்துப் பொரித்த பிறை வடிவ ரிசோய்ஸ். வெங்காயத்தோடு வதக்கிய சொரீஸ், அதை அடைத்துத் தின்ன 'பொயி' என்கிற தவிட்டு ரொட்டி. தமிழில் எழுதும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக எழுதவேண்டிய பெயர். கருவாட்டு இறாலும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்த கிஸ்மூர். உப்பு அதிகமானால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் கை கிளாஸுக்குப் போகும். எனவே கிஸ்மூரும் உப்பு மாங்காயும் கடைசியில், சிறிய தட்டில். சைவக்காரர் ஒருவருக்காக ரவையில் புரட்டி வறுத்த கத்தரிக்காய், தட்டைப்பயறு வடை. முடிவில் முட்டையும் தேங்காய்ப் பாலும் நெய்யும் அடுக்கடுக்காகச் சுட்ட பெபிங்கா. கிளாஸுக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர்.

தாளின் கடைசி வரி: யார் யாரை வீட்டில் விடுவது. ஒருவர் ஓட்டுகிறார், அவர் ஒரு சொட்டும் தொடமாட்டார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம் என்பது சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. "அபராதத்துக்காக அல்ல, இந்த ரோட்டில் தெருவிளக்கு கிடையாது" என்றார் அவர்.

வீட்டு வேலைக்கு வரும் பெண் வட கர்நாடகத்துக்காரி. ரிசோய்ஸுக்கு விளிம்பு மடித்துக்கொண்டே இந்தியில் பேசினாள். அவள் கணவனும் குடிப்பவன்தான். இந்த வீட்டில் நடப்பது உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "இங்கே குடித்துவிட்டு யாரும் சோற்றுத் தட்டை எறிவதில்லை" என்றாள். பிறகு, "ஆனால் என் பெண்ணை இங்கே கூட்டிவரமாட்டேன்" என்றாள். இரண்டும் நியாயம்.

இலை எதற்கு?

சனிக்கிழமை மாலை எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்திலிருந்து நாலைந்து எலுமிச்சை இலைகளைப் பறித்து வந்து கழுவினார். அலங்காரமா என்றேன். குரலைத் தாழ்த்தினார்.

வருகிறவர்களில் ஒருவர் எட்டு மாதத்துக்கு முன் குடியை விட்டவர். விட்டது எளிதாக நடந்த காரியமல்ல. அவரைக் கூப்பிடாமல் விட்டால் ஊர் காரணம் கேட்கும். கூப்பிட்டு, கையில் ஜூஸைக் கொடுத்தால் எட்டுப் பேர் பார்ப்பார்கள். எனவே எல்லோருக்கும் ஒரே கிளாஸ், அதே எலுமிச்சை, உப்பு, லிம்கா, ஐஸ். பச்சை மிளகாய் மிதந்தால் உள்ளே உர்ராக் இருக்கிறது. இலை மிதந்தால் இல்லை. பார்த்தால் ருசிக்காகப் போட்டதுபோல் இருக்கும். "கை மாறக்கூடாது, அதற்குத்தான் அடையாளம். வேண்டாம் என்று சொல்கிறவளிடம் ஏன் என்று கேட்கிற வீடு நல்ல வீடில்லை."

ஆறரைக்கு வர ஆரம்பித்தார்கள். 'பால்காவ்' என்கிற முன் திண்ணையில் இருபுறமும் கல் இருக்கைகள். நம் ஊர்த் திண்ணைதான், தெருவைப் பார்த்தபடி. யாராவது பார்க்கமாட்டார்களா என்றேன். "பார்க்கட்டும். இந்தத் திண்ணை என் பாதி" என்று சிரித்தார். போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின் தொடர்ச்சியாக, திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்யாவிட்டால் கோவாவில் கணவன் மனைவி இருவருக்கும் சொத்தில் சரிபாதி. அவர் தலைமுறைப் பெண்கள் குடிக்காதவர்கள் அல்ல. சளிக்கு, வயிற்று வலிக்கு என்று சமையலறையில் ஒரு மடக்கு ஃபெனி எப்போதும் உண்டு. 'தவெர்னா' எனும் சாராயக் கடை ஆண்களுக்கு, மருந்து பெண்களுக்கு. மருந்து என்ற பெயரை எடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து குடிப்பதுதான் புதிது.

சைவக்காரர் ஒரு வங்கி அதிகாரி. 1960இல் மாநிலம் உருவான நாள் முதல் மதுவிலக்கு உள்ள குஜராத்தில் பிறந்தவர். அன்று முதல் கிளாஸை முடித்தவரும் அவரே. கார் ஓட்டும் பொறுப்பு கூட்டத்தில் இளையவருக்கு. தொழில்: பணஜியில் ஓர் ஓட்டலின் மதுக்கூடத்தில் பானம் கலப்பது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு தில்லியிலும் அமலில் இருந்தது. அது செல்லாது என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "எங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் தடை என்றார்களாம்" என்று சிரித்தபடி இலை போட்ட கிளாஸை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததில் மிளகாய் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, காரம், அதற்கடியில் எங்கள் ஊர் முந்திரித் தோப்பில் அழுகும் பழத்தின் வாசனை. அந்த வாசனைக்குப் பின்னாலேயே ஒரு செருப்புச் சத்தமும் வந்தது. கிளாஸைக் கீழே வைத்தேன். சிறிது நேரத்தில் தட்டு என் பக்கம் வந்தது. அதில் இருந்த கிளாஸில் இலை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சு என்ன? மகனின் கடன், கர்ப்பப்பை அறுவை, ஓய்வூதியக் கோப்பு, ஒரு பழைய காதல். இடையில் ஒருவர் அழுதார், பின்பு பாடினார். ஒன்பதரைக்குப் பெபிங்கா. பத்து மணிக்குக் கார். இலை கிளாஸ்காரர் யார் என்று நான் கண்டுபிடிக்க முயலவில்லை என்று சொன்னால் அது பொய். முயன்றேன். முடியவில்லை.

எல்லோரும் போன பின் கிளாஸ்களைப் பொறுக்கினேன். எட்டில் நான்கில் இலை. குடியை விட்டவர் ஒருவர், கார் ஓட்டியவர் ஒருவர், நான் ஒருத்தி. நான்காவது யார்? பாதிக்கு மேல் மீந்திருந்த உர்ராக் பாட்டிலைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார் அவர். கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

படுக்கும் முன் ஊருக்குப் போன் செய்தேன். சித்திதான் எடுத்தாள். என்ன சாப்பிட்டாய் என்றாள். வறுத்த கத்தரிக்காய் முதல் பெபிங்கா வரை வரிசையாகச் சொன்னேன். குடிக்க என்ன கொடுத்தார்கள் என்றாள். எலுமிச்சை ஜூஸ் என்றேன். முக்கால்வாசி உண்மை.