பெரா விதை

கோப்பெங் நகரிலிருந்து மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால், இரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் எல்லையில் என் பாட்டி வாழ்ந்த லயம் இருந்தது. இன்று அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. ஆயினும் வெயிலேறிய நண்பகலில் காட்டோரத்தில் 'படார்' எனக் காய் வெடிக்கும் ஓசை மட்டும் என் செவியை விட்டு அகலவில்லை. அது பெரா மரத்தின் காய்.

பெரா வானுற ஓங்கி வளரும் காட்டு மரம். அதன் இளந்தளிர்கள் செந்நிறமானவை. தளிர்க்கும் பருவத்தில் தொலைவிலிருந்து காண்போர் மரமே பூத்துவிட்டதென மயங்குவர். காய் முற்றி வெடிக்கும்போது உள்ளிருக்கும் பழுப்பு நிற விதைகள் நெடுந்தொலைவு தெறித்து விழும். மரப்பட்டையைக் கீறினால் வெண்பால் வடியும். வியப்பென்ன? இரப்பர், மரவள்ளி, பெரா ஆகிய மூன்றும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளின் வழிவந்த இரப்பர் எங்களுக்கு வேலை தந்தது. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளி எங்கள் பசியை ஆற்றியது. மூன்றாவதான பெராவோ எங்கள் குடும்பத்தில் ஓர் உயிரைப் பறிக்கவிருந்தது. மூன்றின் விதையிலோ கிழங்கிலோ சயனைடு என்னும் கொடிய நஞ்சு உறைந்திருக்கிறது.

1943ஆம் ஆண்டில் தாத்தாவைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றனர். அவர் திரும்பவில்லை. அரிசி கண்ணில் படாத நாள்கள் அவை. ஏழு வயதுச் சிறுவனாயிருந்த என் பெரியப்பா, பசி பொறாமல் காட்டோரத்தில் கிடந்த பெரா விதைகளை உடைத்துப் பச்சையாகவே தின்றுவிட்டார். சற்று நேரத்தில் தலை சுற்றி, மூச்சுத் திணறி, வாசலில் சாய்ந்தார். பிரம்பும் பெத்தாயும் கொடுத்து உப்பு வாங்கிப் போக வந்திருந்த செமாய் இனப் பெண்ணொருத்தி, அருகே சிதறிக் கிடந்த ஓட்டைக் கண்டதும் நிலைமையை உணர்ந்துகொண்டாள். சிறுவனைக் குப்புறச் சாய்த்து வாந்தி எடுக்கச் செய்து, விடியும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தாள். பெரியப்பா பிழைத்தார்.

மறுநாள் அவள் பாட்டிக்கு அந்த விதையைப் பக்குவப்படுத்தக் கற்றுத் தந்தாள். முதலில் விதைகளை நீரில் இட்டு, மிதப்பவற்றை ஒதுக்க வேண்டும், அவை சொத்தை. மற்றவற்றை ஓடுடைத்து, பருப்பைக் கீறி, கூடையில் இட்டு, ஓடும் நீரில் இரவு முழுதும் ஊறவிட வேண்டும். பின்னர் நீரை மாற்றி மாற்றி நெடுநேரம் வேகவைக்க வேண்டும். பானையை மட்டும் மூடவே கூடாது. இதன் காரணத்தை நான் பின்னாளில் படித்தறிந்தேன். பருப்பைக் கீறி ஊறவைக்கும்போது நஞ்சு வெளிப்பட்டு நீரில் கரைகிறது. சுமார் 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்பினதாதலால், திறந்த பானையிலிருந்து ஆவியோடு ஆவியாக அது வெளியேறிவிடுகிறது. வேதியியல் நூல் எதையும் காணாத அப்பெண்ணின் முன்னோர், எத்தனை இழப்புகளுக்குப் பிறகு இதனைக் கண்டறிந்தனரோ!

போர் முடிந்த பின்னரும் பாட்டி ஆண்டுதோறும் பெரா பொறுக்கினார். வெந்த பருப்பில் மஞ்சளும் மிளகாயும் சேர்த்துத் தாளித்துத் தருவார். 1962இல் நான் பட்டணத்துப் பள்ளிக்குச் சென்றபோதும் ஒருநாள் அதையே கட்டிக் கொடுத்தார். உடன் பயின்றோர், "சக்காய் தீனி" என்று கைகொட்டிச் சிரித்தனர். நான் பொட்டலத்தைச் சாக்கடையில் எறிந்துவிட்டு வீடு திரும்பி, அதே சொல்லைப் பாட்டியின் முகத்துக்கு நேரே வீசினேன். காட்டு மக்களை இழிவாகக் குறிக்கத் தோட்டத்தில் நாங்கள் கூசாமல் வழங்கிய சொல் அது. அடிமை என்னும் பொருள் அதில் படிந்திருந்ததை அன்று நான் அறியேன். எங்களையும் அதுபோன்றதொரு சொல்லால் பிறர் அழைத்தபோது நெஞ்சு கொதித்தவன்தான் நான்.

பாட்டி சினக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க பெரியப்பன் இன்னைக்கு உசுரோட இருக்கான்னா அது அந்தப் பொம்பளையாலதான். நான் அவள அக்கான்னுதான் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு பேரு இருந்துச்சு ஐயா. நீ சொன்னது அவ பேரு இல்ல."

அந்தப் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. நாணம் தடுத்தது. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். 1971இல் பாட்டி மறைந்தார். பெரியப்பாவும் இன்று இல்லை.

அண்மையில் உலு கெரோவுக்குச் சென்றிருந்தேன். ரஃப்லீசியா மலரைக் காண வருவோருக்குச் செமாய் மக்களே அங்கு வழிகாட்டுகின்றனர். முதியவர் ஒருவர் ஒரு பை நிறையப் பெரா விதைகளைத் தந்தார். வீட்டில் ஊறவைத்து, பானையைத் திறந்தே வைத்து வேகவைத்தேன். என் பேத்தி அருகில் வந்து, "தாத்தா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றாள்.

"என் பாட்டி," என்றேன்.

"பாட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

நடந்ததனைத்தையும் அவளிடம் சொன்னேன், சாக்கடையில் எறிந்ததையும் மறைக்காமல். ஆனால் அவள் கேட்ட அந்தப் பெயரைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.