சித்தப்பாவின் 1,100 யூனிட்டும் என் அண்டர்ரைட்டிங் கணக்கும்

போன செமஸ்டரில் அண்டர்ரைட்டிங் கணக்கு ஒன்று வந்தது. ஏ, பி, சி என்று மூன்று பேர். வெளியீட்டில் விற்காமல் போன பங்குகளில் யார் தலையில் எத்தனை விழும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முழு மார்க் வாங்கினேன். ஆனால் கோமுகி அணைக் கரையில் உட்கார்ந்து சித்தப்பா கேட்ட கேள்விக்குத் திருதிருவென முழித்தேன்.

சித்தப்பாவுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு. 2021 ஏப்ரல் கடைசியில் பவர்கிரிட் இன்விட் வெளியீடு வந்தபோது, 100 ரூபாய் வீதம் 1,100 யூனிட்டுக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது. "அண்டர்ரைட்டிங் எல்லாம் இருக்குண்ணே, பயமே இல்லை" என்றாராம் ஏஜென்ட். மே 14-ல் 104 ரூபாயில் பட்டியலானது. பிறகு விலை 100-க்குக் கீழே இறங்கியது.

"ஏன்டா தம்பி, விலை இறங்கினா அந்த அண்டர்ரைட்டர்தானே வாங்கிக்கணும்?"

சரி, முதலில் யூனிட் என்றால் என்ன? அமெரிக்காவில் 1981-ல் அபாச்சி என்ற எண்ணெய் நிறுவனம் கூட்டாண்மை யூனிட்டுகளைப் பொதுமக்களுக்கு விற்றுப் பட்டியலிட்டது. வாங்குபவர் பங்குதாரர் இல்லை, ஒரு மாதிரி கூட்டாளி. நம் ஊரில் கூட்டாண்மை நிறுவனம் இப்படி ஊரைக் கூட்டிப் பணம் திரட்ட முடியாது. அதனால் டிரஸ்ட் வடிவில் வந்தது இன்விட். மின் கம்பித்தடங்கள் அதன் சொத்து. வருகிற வாடகை போன்ற வருமானம் யூனிட்தாரர்களுக்குப் பிரித்துத் தரப்படும்.

இப்போது அண்டர்ரைட்டிங். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிழங்கு தோண்டும் முன்பே "என்ன ஆனாலும் மொத்தத்தையும் இந்த விலைக்கு எடுத்துக்கிறேன்" என்கிற வியாபாரி நிஜமான அண்டர்ரைட்டர். 1987 அக்டோபரில் பிரிட்டன் அரசு தன்னிடமிருந்த பிபி எண்ணெய் நிறுவனப் பங்குகளை 330 பென்ஸுக்கு விற்க இப்படித்தான் வாக்கு வாங்கியது. விலை நிர்ணயித்த சில நாட்களில், அக்டோபர் 19-ல், உலகச் சந்தையே சரிந்தது. அரசு விற்பனையை நிறுத்தவில்லை. அண்டர்ரைட்டர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இந்தியாவில் புக் பில்டிங் முறையில் நடக்கும் பங்கு வெளியீடுகளில், பெரும்பாலும் விண்ணப்பங்கள் வந்து விலை முடிவான பிறகுதான் அண்டர்ரைட்டிங் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. கிழங்கை எடை போட்டு, ஆளும் வந்து நின்ற பிறகு "நான் இருக்கேன்" என்று சொல்கிற மாதிரி! 90 சதவீதம்கூடச் சேராவிட்டால் வெளியீடே ரத்து, பணம் வாபஸ்.

இரண்டு வகையிலும் ஒன்று பொது. அந்த வாக்கு விற்பவருக்கு. வாங்குபவருக்கு அல்ல. பட்டியலான மறுநாள் விலை இறங்கினால் அண்டர்ரைட்டருக்கும் சித்தப்பாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. வருடத்துக்கு யூனிட்டுக்கு 12 ரூபாய் வந்ததே என்று சமாதானம் சொன்னேன். அதிலும் ஒரு பகுதி அவர் போட்ட முதலே திரும்பி வருவது என்றும் சொல்லிவிட்டேன். மறைக்க மனசு வரவில்லை.

"இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இப்போது உங்களுக்காவது சொல்லிவிட்டேன். வீட்டில் யாராவது "அண்டர்ரைட்டிங் இருக்கு, பயமில்லை" என்று விண்ணப்பத்தோடு வந்தால், யாருக்குப் பயமில்லை என்று ஒரு தடவை கேளுங்கள்.